கருவி வாங்கும் முன் வகுப்பறைக்குள் வாருங்கள்: கல்வித்துறையில் முடிவெடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும், தேர்வு நடத்துபவர்களுக்கும், பள்ளிகளுக்கு எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கையெழுத்துப் போடுபவர்களுக்கும் வணக்கம்.

நான் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். செயற்கை நுண்ணறிவைப் பற்றி எங்களைப் போன்றவர்களுக்கு மேலிடத்திலிருந்து வரும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, மாணவர்கள் இதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. இன்னொன்று, காலம் மாறிவிட்டது, எல்லோரும் பயன்படுத்துங்கள் என்கிறது. இரண்டிலும் இல்லாத ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஒரு பிள்ளை கணக்கின் முன்னால் உட்கார்ந்து வழி தெரியாமல் திணறுகிறதே, அந்தத் திணறலை யார் சுமக்க வேண்டும், பிள்ளையா கருவியா? இதற்கு விடை சொல்லாமல் நீங்கள் தடை போட்டாலும் சரி, வரவேற்றுப் பந்தல் போட்டாலும் சரி, வகுப்பறைக்குள் இருக்கும் எங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தடையை முதலில் பேசிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிகிற விஷயம். சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30 அன்று. அடுத்த ஜனவரியிலேயே நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகள் தங்கள் கணினிகளிலும் இணைய இணைப்பிலும் அதைத் தடுத்தன, மே மாதமே அந்த முடிவை மாற்றிக்கொண்டன. வேறு வழியும் இல்லை. பள்ளியின் வைஃபையில் அடைத்தால் வீட்டில் போன் இருக்கிறது. தடை போட்டால் நடப்பது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகள் ஒளித்துப் பயன்படுத்துவார்கள், ஒளித்துச் செய்ததைப் பற்றி ஆசிரியரிடம் வந்து சந்தேகம் கேட்க மாட்டார்கள். அந்தக் கருவி தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தத் தப்பு யார் கண்ணிலும் படாமல் பிள்ளையின் தலைக்குள் தங்கிவிடும்.

வரவேற்பு பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில், ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்துக் கணக்குப் பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் அதை வெளியிட்டார்கள். மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் புத்தகமும் நோட்டும் மட்டும். இரண்டாவது பிரிவுக்கு, கேட்டால் விடை சொல்லிவிடும் சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவி. மூன்றாவது பிரிவுக்கு அதே மாதிரியான கருவிதான், ஆனால் விடையை நேராகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் உதவியோடு கட்டுப்படுத்தப்பட்டது. பயிற்சிக் கணக்குகளைச் செய்யும்போது இரண்டாம் பிரிவு 48 சதவீதம் அதிகமாகவும் மூன்றாம் பிரிவு 127 சதவீதம் அதிகமாகவும் மதிப்பெண் எடுத்தார்கள். இங்கேயே நிறுத்திவிட்டால் எந்த நிறுவனமும் இதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு கருவியை எல்லோரிடமிருந்தும் வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரணக் கருவியை வைத்துப் படித்தவர்கள், கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் கொடுக்கும் கருவியோடு படித்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை, ஆனால் கருவி இல்லாதவர்களைவிடக் கூடுதலாகவும் எடுக்கவில்லை.

என்னை இதில் அதிகம் உறுத்துவது அந்த 17 சதவீதம்கூட இல்லை. மோசமாக எழுதிய பிள்ளைகளுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே தெரியவில்லை. கணக்கு வந்துவிட்டது என்று நம்பியிருக்கிறார்கள். புரியாத பிள்ளை புரியவில்லை என்று கையைத் தூக்கினால் எந்த ஆசிரியராலும் ஏதாவது செய்ய முடியும். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் எங்கே ஆரம்பிப்பது? அதனால்தான் சொல்கிறேன், உங்கள் முன்னால் வந்து ஒருவர் வண்ண வண்ண வரைபடம் காட்டி, எங்கள் செயலியைப் பயன்படுத்தியவர்களின் மதிப்பெண் இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால், அது செயலிக்குள் எடுத்த மதிப்பெண்ணா, செயலியை மூடிவைத்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிய மதிப்பெண்ணா என்று மட்டும் கேளுங்கள். பதிலை வைத்தே பாதி முடிவை எடுத்துவிடலாம்.

இது ஏன் இப்படி என்பதற்கு விளக்கம் புதிதல்ல. நினைவைப் பற்றி ஆராய்கிறவர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவருவதுதான். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். இத்தனைக்கும், படித்து முடித்த ஐந்தாவது நிமிடத்தில் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். சுலபமாக வந்தது சுலபமாகப் போய்விடுகிறது. மூளை ஒரு விஷயத்தைத் தேடி எடுக்கப் படும் கஷ்டத்தில்தான் அந்த விஷயம் பதிகிறது. கேட்ட நொடியில் சுத்தமான விடையைக் கொடுக்கும் கருவி அந்தக் கஷ்டத்தைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகிறது.

வகுப்பில் அடிக்கடி நடப்பது ஒன்றைச் சொல்கிறேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் மேல்வகுப்பு வந்தும் இருக்கிறார்கள். இதைக் கருவியிடம் கொடுத்தால் அது மரியாதையாக, பொறுமையாக, பகுதிகளைச் சமமாக்க வேண்டும், மீச்சிறு பொது மடங்கு ஆறு, ஆக மூன்றும் இரண்டும் ஐந்து, விடை ஆறில் ஐந்து என்று வரிசையாக எழுதித் தந்துவிடும். ஒரு எழுத்துத் தப்பிருக்காது. பிள்ளை அதை நோட்டில் ஈயடிச்சான் காப்பி அடித்துவிடும். அடுத்த வாரம் கால் பங்கையும் ஐந்தில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஒன்பதில் இரண்டு என்று வந்து நிற்கும்.

நான் வேறு மாதிரி கேட்பேன். ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரிதா சின்னதா? பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சின்னது என்று சொல்லும். சரி, அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, சேர்த்த பிறகு எப்படி அரையைவிடக் குறைந்தது? அவ்வளவுதான், அதற்கு மேல் நான் பேச மாட்டேன். சில பிள்ளைகள் அந்த இடத்திலேயே பென்சிலை எடுத்து வட்டம் வரைந்து பார்ப்பார்கள். சிலர் தான் எழுதியதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அப்புறம் அடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பின்னம் என்பது இரண்டு எண்களைக் கோடு போட்டு அடுக்கிய ஒன்று என்ற நினைப்பு உடைகிறது. விடை ஆறில் ஐந்து என்பது அப்புறம் வருகிற சின்ன விஷயம்.

இதே கேள்வியைக் கருவியும் கேட்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். கேட்கலாம், மறுக்கவில்லை. சரியாக அறிவுறுத்தி வைத்தால் இன்றைய கருவிகள் இந்தக் கேள்வியை நன்றாகவே கேட்கின்றன. ஆனால் அப்படிக் கேட்கும் கருவி ஒரு திரையிலும், நேராக விடையைத் தரும் கருவி பக்கத்துத் திரையிலும் இருக்கும்போது, ராத்திரி பத்து மணிக்குத் தூக்கக் கண்ணோடு வீட்டுப்பாடம் முடிக்கும் பிள்ளை எதைத் தொடும் என்பது உங்களுக்கும் தெரியும். நாளைக்கு நோட்டு வைக்கவில்லை என்றால் மதிப்பெண் போகும், வைத்தால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்ற ஏற்பாட்டைச் செய்து வைத்திருப்பது கருவி இல்லை, நாம்தான்.

கருவியையே வேண்டாம் என்று ஒதுக்குகிறவன் நான் இல்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். ஒரு சந்தேகத்தை இரண்டாம் முறை கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்ற பயத்திலேயே வருடம் முழுக்கப் புரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பிள்ளை ஒரு கருவியிடம் ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்கலாம், பத்துத் தடவையும் எரிச்சல் இல்லாத பதில் கிடைக்கும். பார்வை குறைந்த பிள்ளைக்குப் புத்தகத்துப் படத்தை வாய்விட்டு விவரிக்கும் கருவியும், காது கேளாத பிள்ளைக்கு ஆசிரியர் பேசப் பேச எழுத்தாக்கித் தரும் கருவியும் எவ்வளவு பெரிய காரியம் செய்கின்றன என்பது அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தெரியும். இதற்கெல்லாம் கணக்குப் பார்க்காமல் செலவு செய்யுங்கள்.

நல்ல முடிவுகள் வந்த ஆய்வுகளும் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதல்நிலை வகுப்பில் நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், செயற்கை நுண்ணறிவுப் பயிற்றுநரோடு படித்த மாணவர்கள், கலந்துரையாடலோடு நன்றாக நடத்தப்பட்ட வகுப்பில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றார்கள். ஆனால் அந்தப் பயிற்றுநரை உருவாக்கியவர்கள் அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களே. ஒவ்வொரு கணக்குக்கும் எந்தப் படியில் என்ன குறிப்பு கொடுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், சரியான விடைகளையும் முன்கூட்டியே கருவிக்குக் கொடுத்திருக்கிறார்கள். படித்தவர்களும் கடும் போட்டியில் தேறி வந்த பல்கலைக்கழக மாணவர்கள். கடையில் வாங்கிப் பிரித்துப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கும் ஒன்றுக்கு அந்த ஆய்வைச் சான்றாகக் காட்டினால் ஏற்காதீர்கள்.

எனக்கு மனதுக்குப் பிடித்த ஆய்வு வேறு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2024-இல் வெளியிட்டது. அதில் கருவி மாணவரோடு பேசவே இல்லை. இணையம் வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் 900 பயிற்றுநர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கருவியைக் கொடுத்தார்கள். பிள்ளை தப்பு செய்தால் அடுத்து என்ன கேட்கலாம் என்று அது பயிற்றுநருக்கு மட்டும் யோசனை சொல்லும். எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவர் இஷ்டம். பாடத்தைத் தேர்ச்சியோடு முடித்த மாணவர்களின் விகிதம் மொத்தத்தில் 4 சதவீதப் புள்ளி கூடியது. தரமதிப்பீட்டில் பின்தங்கியிருந்த பயிற்றுநர்களின் மாணவர்களிடம் மட்டும் பார்த்தால் 9 புள்ளி வரை கூடியது. காரணத்தையும் பார்த்தார்கள். கருவி வைத்திருந்தவர்கள் விடையைச் சொல்லிவிடுவது குறைந்து, பிள்ளையை யோசிக்க வைக்கும் கேள்வி கேட்பது கூடியிருக்கிறது. வேலைக்குப் புதிதாக வந்த ஓர் ஆசிரியருக்கு அனுபவமுள்ள ஒருவர் காதோரம் நின்று சொல்லிக்கொடுப்பது போன்ற உதவி இது. உங்கள் கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், பிள்ளைக்கு ஆளுக்கொரு கருவி வாங்குவதற்கு முன் இந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

அடுத்து, கண்டுபிடிக்கும் மென்பொருள்கள். மாணவர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று சதவீதம் போட்டுக் காட்டுகிறவை. இவற்றை உடனே நிறுத்துங்கள், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒன்றை வெளியிட்டது. அவர்கள் சோதனையிலேயே இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது கண்டுபிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் அவர்களே மூடிவிட்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்புக் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று முத்திரை குத்தின. அடுத்து என்ன சொல் வரும் என்று எளிதில் ஊகிக்கும்படி இருந்தால் இயந்திரம் எழுதியது என்று அவை முடிவு கட்டுகின்றன. இரண்டாம் மொழியில் எழுதும் பிள்ளை தெரிந்த சொற்களை வைத்து, தெரிந்த வாக்கிய அமைப்பில்தான் எழுதும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படி மாட்டிக்கொண்டாள். சின்னச் சின்ன வாக்கியமாக எழுது, தெரியாத சொல்லைப் போட்டு இழுக்காதே என்று நாங்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே கடைப்பிடித்து எழுதியிருந்தாள். மென்பொருள் ஒரு சதவீதத்தைக் காட்டியது, அழைத்து விசாரித்தார்கள், தான்தான் எழுதினேன் என்று எப்படி நிரூபிப்பாள்? கடைசியில் அவளுடைய ரஃப் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அடித்து அடித்து எழுதிய முதல் வரைவு அதில் இருந்ததால் பிழைத்தாள். நேராகக் கணினியில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வீட்டில் உட்கார்ந்து எழுதும் கட்டுரைக்கு மதிப்பெண் என்ற ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் துப்பறிந்துகொண்டிருப்பது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் நடுவில் இருக்கும் நம்பிக்கைதான் இதில் போகிறது, அது போனால் வகுப்பு நடத்தவே முடியாது.

விடைத்தாளை இயந்திரமே திருத்தட்டும் என்ற யோசனையும் அடிபடுகிறது. 2020-இல் கொரோனாவால் பிரிட்டனில் தேர்வுகள் நின்றபோது, இங்கிலாந்தில் ஏ-லெவல் எனும் பள்ளி இறுதித் தேர்வு மாணவர்களின் மதிப்பீட்டை ஒரு கணக்கீட்டு முறையிடம் விட்டார்கள். பள்ளியின் பழைய தேர்ச்சியையும் அது கணக்கில் எடுத்தது. ஆசிரியர்கள் பரிந்துரைத்த தரங்களில் ஏறக்குறைய 40 சதவீதம் கீழே இறங்கின. இதுவரை நன்றாகத் தேறாத பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு, தான் படித்த பள்ளியே பாரமாகிப் போனது. பிள்ளைகள் தெருவில் இறங்கிய பிறகு ஆகஸ்ட் 17 அன்று அதைக் கைவிட்டார்கள். இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால் அது வெறும் புள்ளியியல் சூத்திரம், ஆனாலும் ஏன் எனக்கு இந்த மதிப்பெண் என்று கேட்ட பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த சட்டம், கற்றலை மதிப்பிடும் செயற்கை நுண்ணறிவை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. பள்ளிகளில் மாணவரின் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளை, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரியிலிருந்து தடையே செய்திருக்கிறது. இயந்திரம் திருத்தி உதவட்டும், குறிப்பு எழுதட்டும். இறுதி மதிப்பெண்ணுக்குக் கீழே ஒரு ஆசிரியரின் பெயர் இருக்க வேண்டும், பிள்ளை அவரிடம் போய்க் கேட்க முடிய வேண்டும்.

கொள்முதல் பற்றி ஒரு வார்த்தை. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2024 மார்ச்சில் எட் என்ற உரையாடல் கருவியைப் பெரிய ஆரவாரத்தோடு அறிமுகப்படுத்தியது. சில மாதங்களிலேயே அதைச் செய்துகொடுத்த நிறுவனம் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டது, கருவியும் நின்றது. தென்கொரியா 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது, அதே ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தி அவை பாடநூல் இல்லை, துணைப்பொருள்தான் என்று ஆக்கிவிட்டது. 1913-இல் தாமஸ் எடிசன், இனிப் பள்ளிகளில் புத்தகத்துக்கு வேலை இல்லை, எல்லாம் சினிமாப்படம் வழியாகத்தான் என்று நம்பினார். புதுப் பொருள் வரும்போது இப்படி நடப்பது சகஜம்தான், ஆனால் இந்தமுறை பிள்ளைகள் கருவியிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள், அந்தப் பேச்செல்லாம் எங்கேயோ சேமிக்கப்படுகிறது. நிறுவனம் கைமாறினால் அது யாரிடம் போகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வகுப்பறையில் இவற்றைத் தானாகப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கவும், கையால் எழுதவும், வாய்ப்பாடு சொல்லவும் பழகட்டும். அந்த வயதில் அவற்றைக் கருவியிடம் விட்டால் பிறகு அந்தக் கருவியின் தப்பைக் கண்டுபிடிக்கும் திறன்கூட இருக்காது.

மொழியையும் பாருங்கள். இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தைத் தின்று வளர்ந்தவை. தமிழ் போன்ற மொழிகளின் ஒரு சொல்லை ஆங்கிலச் சொல்லைவிட நிறையத் துண்டுகளாக உடைத்துத்தான் அவை படிக்கின்றன, அதனால் செலவும் கூடுகிறது. பாடநூலில் ஒரு கலைச்சொல் இருக்கும், கருவி வேறொரு சொல்லை எடுத்துவிடும், பிள்ளை இரண்டும் வெவ்வேறு விஷயம் என்று நினைத்துக் குழம்பும். செயல்விளக்கத்தை ஆங்கிலத்தில் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். பிள்ளைகள் எந்த மொழியில் யோசிக்கிறார்களோ அந்த மொழியில், அவர்கள் பேசுகிற பேச்சிலேயே கேள்வி கேட்கச் சொல்லிப் பாருங்கள்.

இனி என் பக்கத்துக் கோரிக்கை. வீட்டுப்பாடத்துக்கும் வீட்டில் செய்யும் ஒப்படைப்புக்கும் இருக்கும் மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். பயிற்சிக்கு மதிப்பெண் இல்லை என்றால் ஏமாற்றுவதற்கும் காரணம் இல்லை. முதல் முயற்சி வகுப்பிலேயே, தாளில், தனியாக நடக்கட்டும். அதற்கு அப்புறம் கருவியைத் திறக்கட்டும், தான் எழுதியதையும் அது சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே மாறியது, ஏன் மாறியது, அது சொன்னதில் எதை ஏற்கவில்லை என்று இரண்டு வரி எழுதட்டும். பெரிய வகுப்புகளில் கருவி தப்பாகப் போட்ட கணக்கைக் கொடுத்துத் தப்பு எந்தப் படியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஆர்வமாகச் செய்வார்கள், தன்னைவிடக் கெட்டிக்காரன் என்று நினைத்த ஒன்றின் தப்பைப் பிடிப்பதில் அவர்களுக்கு வரும் உற்சாகமே தனி.

மதிப்பீட்டில் வாய்மொழிக்கு இடம் கொடுங்கள். நீ எழுதியதில் இந்த வரியை எனக்கு விளக்கு, இந்த எண்ணை இரட்டிப்பாக்கினால் விடை என்னவாகும் என்று ஐந்து நிமிடம் கேட்டால் போதும், யாருக்குப் புரிந்திருக்கிறது என்று எந்த மென்பொருளையும்விடத் தெளிவாகத் தெரிந்துவிடும். ஆனால் நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் 200 நிமிடம், அதாவது 40 நிமிடப் பாடவேளை ஐந்து. அந்த ஐந்து பாடவேளைக்கு எங்கே போவது? இங்கேதான் செயற்கை நுண்ணறிவு உண்மையிலேயே கைகொடுக்க முடியும். பாடக்குறிப்பு எழுதுவது, ஒரே கணக்கை நான்கு விதமாக மாற்றி வினாத்தாள் தயாரிப்பது, பதிவேடு நிரப்புவது, அறிக்கை தட்டச்சு செய்வது என்று எங்கள் நேரத்தைத் தின்னும் வேலைகளில் பெரும்பகுதியை அது குறைக்கும்.

அப்படி மிச்சமாகும் நேரம் யாருக்குப் போகும் என்பதுதான் என் பெரிய கவலை. ஒரு ஆசிரியருக்கு வாரத்தில் சில மணி நேரம் மிச்சமாகிறது என்று தெரிந்தவுடன் இன்னும் இரண்டு பதிவேடு, இன்னும் ஒரு வகுப்பு, நாற்பது பேருக்குப் பதில் ஐம்பது பேர் என்று வந்தால், இவ்வளவு செலவும் பிள்ளைகளுக்கு எதிராகச் செய்ததாகத்தான் ஆகும். மிச்சமாகும் நேரம் பிள்ளைகளோடு பேசுவதற்குத்தான் என்று ஆணையாக எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் அடுத்த அதிகாரி வரும்போது காணாமல் போய்விடும்.

பயிற்சி என்ற பெயரில் ஒரு நாள் முகாம் வைத்துப் படவில்லைகளை ஓட்டிவிட்டுச் சான்றிதழ் கொடுப்பதால் ஒன்றும் வராது. கருவியை ஒரு பருவம் முழுக்க எங்கள் கையில் முதலில் கொடுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன். ஒரே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து, கருவி எங்கே நன்றாகச் சொன்னது, எங்கே உளறியது, எந்த மாதிரிக் கேட்டால் விடையைக் கொட்டிவிடாமல் குறிப்பு மட்டும் தருகிறது என்று பேச நேரம் ஒதுக்குங்கள். எத்தனை மணி நேரம் கருவியைப் பயன்படுத்தினார் என்பதை வைத்து ஆசிரியரை மதிப்பிடும் யோசனை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள், அது வந்தால் வகுப்பில் ஓடவிட்டுவிட்டுக் கணக்குக் காட்டுவதுதான் நடக்கும்.

அடுத்த கல்வியாண்டுக்கான ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் சிலரை அழைத்து ஒரு நாள் உட்காருங்கள். மாணவர்களையும் சிலரை அழையுங்கள், இதை எப்படியெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பது நம் எல்லோரையும்விட அவர்களுக்குத்தான் தெரியும், தண்டனை இல்லை என்று உறுதி கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். நீங்கள் வாங்க நினைக்கும் கருவியைக் கொண்டுவாருங்கள், நாங்கள் பிள்ளைகள் தப்பாகப் போட்ட கணக்குகள் இருக்கும் நோட்டுகளைக் கொண்டுவருகிறோம். ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்போம், அது பிள்ளையை யோசிக்க வைக்கிறதா, பிள்ளைக்காக யோசித்துவிடுகிறதா என்று. நாள் குறித்துச் சொல்லுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
ஒரு கணக்கு ஆசிரியர்